வாரத் தொலைக்காட்சியைச் செய்தியாக வாசித்துச் சிரிக்கவைப்பது எப்படி: ‘தி சூப்’ காட்டும் செய்முறை

அமெரிக்காவின் ‘ஈ!’ அலைவரிசையில் 2004 ஜூலை முதல் 2015 டிசம்பர் வரை ‘தி சூப்’ என்றொரு வாராந்தர நிகழ்ச்சி ஒளிபரப்பானது. ஜோயல் மெக்ஹேல் என்ற நடிகர் கிரீன் மேட்டின் (பின்னணியில் வேறு படத்தைப் பொருத்த உதவும் பச்சைத் திரையின்) முன் நின்றுகொண்டு, அந்த வாரம் தொலைக்காட்சியில் என்னென்ன நடந்தன என்பதைச் செய்தி வாசிப்பவரின் தோரணையில் அறிவிப்பார். பகல்நேர உரையாடல் நிகழ்ச்சிகள், ரியாலிட்டி ஷோக்கள், நட்சத்திரங்களைப் பற்றிய கிசுகிசுச் செய்திகள், வீட்டிலிருந்தே பொருள் வாங்கச் சொல்லும் விற்பனை அலைவரிசைகள் என்று எல்லாவற்றிலிருந்தும் சில நொடிக் கிளிப்புகள் வரும். ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஓர் அறிமுக வாக்கியமும் பின்னால் ஒரு குத்தலும் இருக்கும். பார்ப்பதற்கு இவ்வளவு எளிமையான வடிவம் பன்னிரண்டு பருவங்களுக்குக் குறையாமல் தாக்குப்பிடித்ததற்குக் காரணம் அதன் தயாரிப்பு ஒழுங்குதான் என்பது என் கணிப்பு. தொலைக்காட்சிக்கோ யூடியூபுக்கோ இப்படியொரு நிகழ்ச்சியைச் செய்ய நினைப்பவர்களுக்காக அந்த ஒழுங்கை இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

முதலில் எதைச் செய்யப்போகிறோம் என்பதில் தெளிவு வேண்டும். நையாண்டி என்றவுடன் நம் பார்வையாளர்களுக்கு விஜய் டிவியின் ‘லொள்ளு சபா’ நினைவுக்கு வரும். அதில் சந்தானமும் மற்றவர்களும் ஒரு திரைப்படத்தை எடுத்துக்கொண்டு அதையே தாங்களாக மறுபடி நடித்துக் காட்டினார்கள். ஆகவே சிரிப்பு முழுவதும் அவர்களுடைய நடிப்பிலிருந்தும் வசனத்திலிருந்தும் வந்தது. ‘தி சூப்’ போன்ற நிகழ்ச்சியில் மூலக் காட்சியே திரைக்கு வருகிறது. அதை யாரும் நடித்துக் காட்டுவதில்லை, மிகைப்படுத்துவதும் இல்லை. அது ஏற்கெனவே தன்னளவில் விசித்திரமாக இருக்கிறது என்பதைப் பார்வையாளர் கண்டுகொள்ளும்படி வழிவிடுவதே தொகுப்பாளரின் வேலை. இதனால் அரங்கச் செலவும் நடிகர்களுக்கான செலவும் மிச்சமாகும். ஆனால் அந்தச் செலவு முழுவதும் வேறொரு இடத்தில், அதாவது உட்கார்ந்து தொலைக்காட்சி பார்க்கும் மணிநேரங்களில், வந்து சேரும்.

அரசியலையும் இதில் கலந்துவிடலாமே என்ற ஆசை எல்லோருக்கும் எழும். அமெரிக்காவின் ‘தி டெய்லி ஷோ’ 1996இல் கிரெய்க் கில்போர்ன் தொகுப்பில் தொடங்கியபோது கேளிக்கைச் செய்திகளுக்கும் நட்சத்திரங்களுக்கும் நிறைய இடம் கொடுத்தது. 1999இல் ஜான் ஸ்டூவர்ட் வந்த பிறகு அது அரசியலின் பக்கம் முழுமையாகத் திரும்பி வேறொரு நிகழ்ச்சியாகவே மாறியது. அரசியல் உள்ளே வந்தால் மற்றவை சிறுத்துப்போகும். தேர்தல் பேச்சுக்கு அடுத்தபடியாக ஒரு நடனப் போட்டியின் கிளிப்பைப் போட்டால் நடனப் போட்டி அற்பமாகத் தெரியும்; அந்த அற்பத்தைப் பெரிய விஷயம்போல் கருதும் பாவனையில்தான் உங்கள் நகைச்சுவையின் உயிரே இருக்கிறது. எனவே தொடக்கத்திலேயே வேலி போட்டுக்கொள்வது நல்லது.

பார்ப்பதும் குறிப்பதும்

குழுவில் நான்கு பேர் இருந்தால் நிகழ்ச்சிகளை நால்வருக்கும் பிரித்துக் கொடுங்கள். பிரித்த பிறகு அடிக்கடி மாற்றாதீர்கள். ஒரு ரியாலிட்டி ஷோவை முதல் நாளிலிருந்து தொடர்ந்து பார்ப்பவருக்குத்தான் அதன் தொகுப்பாளர் எப்போது தழுதழுப்பார், நடுவர் எந்தச் சொல்லை வாரம் தவறாமல் பயன்படுத்துவார், விளம்பர இடைவேளைக்கு முன்னால் எந்த இசை வரும் என்பதெல்லாம் பழகியிருக்கும். பழக்கமானது எது என்று தெரிந்தவருக்கே பழக்கம் தவறும் நொடி கண்ணில் படும். சமூக ஊடகங்களில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் காட்சிகளைப் பொறுக்கியெடுத்து நிகழ்ச்சி செய்வது சுலபம்தான். ஆனால் பார்வையாளர் அதை உங்களுக்கு முன்பே பார்த்துச் சிரித்து முடித்திருப்பார்.

பார்ப்பவர் ஒவ்வொருவரும் ஒரே மாதிரியான குறிப்பேட்டை வைத்திருக்க வேண்டும். நிகழ்ச்சியின் பெயர், ஒளிபரப்பான தேதி, டைம்கோடு (காட்சி எந்த நிமிடம், எந்த நொடியில் வருகிறது என்பது), திரையில் இருப்பவர், அவர் சொன்ன வாக்கியம் சொல்லுக்குச் சொல், இது ஏன் வேடிக்கை என்பதற்கு நாலைந்து சொற்களில் ஒரு காரணம் ஆகியவை போதும். கடைசியாகச் சொன்ன காரணத்தை எழுத முடியவில்லையென்றால் அந்தக் கிளிப் பெரும்பாலும் ‘அந்த நேரத்தில் பார்த்தபோது சிரிப்பு வந்தது’ என்ற வகையைச் சேர்ந்ததாக இருக்கும். எடிட்டிங் மேசைக்கு வந்தவுடன் அது செத்துவிடும்.

எதைத் தேடுவது என்று கேட்டால், தயாரிப்பாளர்கள் மறைக்க நினைத்த தையல் தெரியும் இடங்களைத்தான் முதலில் சொல்வேன். போட்டியாளர் ஒருவர் பாடி முடிக்கிறார். நடுவர் வாயைப் பிளந்து வியக்கிறார். ஆனால் அந்த வியப்புக் காட்சியில் நடுவரின் மேசையிலிருந்த தண்ணீர்ப் பாட்டில் காணாமல் போயிருக்கிறது. அப்படியானால் அந்த வியப்பு வேறெப்போதோ எடுக்கப்பட்டது. சாதாரண வாக்குவாதத்துக்கு இடியோசை சேர்க்கப்பட்டிருக்கும். கதவு திறக்கும் காட்சி மூன்று கோணங்களில் மூன்று முறை வரும். நம் செய்தி அலைவரிசைகளிலும் ஒரு நடிகர் விமான நிலையத்தில் நடந்துபோனதற்கு ‘பிரேக்கிங்’ பட்டையும் முரசொலியும் வருவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். இவையெல்லாம் யாரோ ஒருவர் சம்பளம் வாங்கிக்கொண்டு யோசித்து எடுத்த முடிவுகள். அதனால் கேலிக்குத் தகுதியானவை.

விளக்கமே இல்லாத காட்சிகள் இன்னொரு வகை. 2008இல் அமெரிக்காவின் காலைநேர நிகழ்ச்சி ஒன்றில், பேசிக்கொண்டிருந்த பொருளுக்குத் துளியும் தொடர்பில்லாமல், ஸ்பகெட்டித் தட்டின் முன் உட்கார்ந்திருக்கும் ஒரு பூனையின் படம் சில நொடிகள் திரையில் தோன்றி மறைந்தது. வேறு யாராக இருந்தாலும் அதைத் தொழில்நுட்பக் கோளாறு என்று எண்ணிக் கடந்துபோயிருப்பார்கள். ‘தி சூப்’ குழு அதை எடுத்துப் போட்டது மட்டுமல்லாமல், அடுத்தடுத்த வாரங்களிலும் சம்பந்தமில்லாத இடங்களில் அந்தப் பூனையைத் திரும்பத் திரும்ப நுழைத்தது. காரணமின்றி வந்த ஒன்றைக் காரணமின்றியே மறுபடியும் வரவைத்ததில், முதல் காட்சியின் அபத்தம் நிகழ்ச்சியின் சொந்தச் சொத்தாகிவிட்டது. தொடர் நகைச்சுவை என்பதை இப்படித்தான் கண்டெடுக்க வேண்டும். எழுத்தாளர் அறையில் திட்டமிட்டு உண்டாக்கியவை இந்த அளவுக்கு நிற்பதில்லை. ஒரே சமயத்தில் இரண்டுக்கு மேல் ஓடவிடாதீர்கள். பார்வையாளர் எதிர்பார்க்கத் தொடங்கும் வாரத்தில் ஒன்றை நிறுத்திவிட்டு, மறந்துபோன பிறகு ஒருமுறை கொண்டுவாருங்கள்.

வெட்டும் முறை

கிளிப் பத்து நொடிக்கும் இருபது நொடிக்கும் இடையில் இருந்தால் நல்லது. முப்பதைத் தாண்டினால் அதற்குத் தனியாக ஒரு நியாயம் இருக்க வேண்டும். காட்சி தொடங்கிச் சற்று நேரமான பிறகு உள்ளே நுழைந்து, அதன் உச்சத்திலேயே வெளியேறிவிடுங்கள். சிரிப்பு வரவேண்டிய சொல்லுக்குப் பிறகு மூலத்தில் அவர்கள் என்ன விளக்கம் சொன்னார்கள் என்பது உங்களுக்குத் தேவையில்லை. விதிவிலக்காக, அசட்டுத்தனமான ஒரு வாக்கியத்துக்குப் பிறகு அரங்கமே அமைதியாகிறது என்றால், அந்த அமைதியை முழுமையாக விட்டுவைக்க வேண்டும். அது எந்தக் குத்தலையும்விட வலுவானது.

ஒரு கட்டுப்பாடு மிகவும் முக்கியமானது. பேசியவரின் கருத்து தலைகீழாகும்படி வெட்டக் கூடாது. ‘இப்படிச் சொல்கிறார்கள், நான் ஏற்கவில்லை’ என்று ஒருவர் சொன்னதில் பின்பாதியை நீக்கிவிட்டுச் சிரித்தால், மூலக் காணொளி யாருடைய கைப்பேசியிலும் கிடைக்கும் இந்தக் காலத்தில் அந்த மோசடி அன்று மாலைக்குள் வெளிப்பட்டுவிடும். அதைவிட மோசமாக, ரியாலிட்டி ஷோவின் எடிட்டரைப் பார்த்துச் சிரிக்கும் உரிமையை நீங்களே இழந்துவிடுவீர்கள். ஒரே நொடியைத் திரும்பத் திரும்ப ஓட்டுவது, வேகத்தைக் குறைப்பது, இரண்டு நிகழ்ச்சிகளை அருகருகே வைப்பது ஆகியவை தவறில்லை. உங்கள் கைவேலை பார்வையாளருக்கு வெளிப்படையாகத் தெரிகிறது.

முன்வாக்கியமும் குத்தலும்

புதிதாக எழுதுபவர்கள் கிளிப்புக்கு முந்தைய வாக்கியத்திலேயே நகைச்சுவையைச் செலவழித்துவிடுகிறார்கள். கற்பனையான ஓர் உதாரணத்தைப் பார்ப்போம்: ஒரு சமையல் போட்டியில் நடுவர் வெண்டைக்காய்ப் பொரியலை ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுத் தேம்பி அழுகிறார். “வெண்டைக்காய்க்காக ஒருவர் அழுவதைப் பார்க்க வேண்டுமா?” என்று தொகுப்பாளர் தொடங்கினால், கிளிப் வரும்போது அதில் பார்ப்பதற்கு எதுவும் மிச்சமிருக்காது. மாறாக, “இறுதிச்சுற்றுக்கு இரண்டே வாரங்கள் இருக்கும் நிலையில், நடுவர்கள் உணர்ச்சிக்கு இடம் கொடுக்காமல் கடுமையாக மதிப்பிடத் தொடங்கியுள்ளனர்” என்று செய்தி நடையில் சொல்லி நிறுத்துங்கள். அதன் பின் வரும் அழுகை பார்வையாளருடைய சொந்தக் கண்டுபிடிப்பாக அமையும். கிளிப் முடிந்ததும், “நல்ல வேளையாக, அதில் வெங்காயம் சேர்க்கவில்லை” என்ற ஒற்றை வரி போதுமானது.

முன்வாக்கியத்தில் எந்த நிகழ்ச்சி, யார், என்ன நிலைமை என்ற மூன்றும் இருக்க வேண்டும். விசித்திரம் எதுவோ அது மட்டும் இருக்கக் கூடாது. அந்த நிகழ்ச்சியை ஒருநாளும் பார்த்திராதவருக்கும் புரிய வேண்டும் என்பதால் இதில் சோம்பல்படக் கூடாது. செய்தி வடிவம் இங்கேதான் கைகொடுக்கிறது: சமமான குரல், முழு வாக்கியம், பெயருக்கு முன்னால் பதவி, மரியாதைப் பன்மை. பேச்சுத் தமிழில் ‘செம காமெடி பாஸ்’ என்று தொடங்கும் தொகுப்பாளரால் இந்த இடைவெளியை உண்டாக்கவே முடியாது. குத்தலுக்கு மட்டும் பேச்சு நடைக்கு இறங்கி வரலாம். அந்த இறக்கத்திலேயே ஒரு சிரிப்பு இருக்கிறது.

குத்தல் எழுதும்போது ஒரு கிளிப்புக்குப் பத்து வரிகளாவது எழுதிப் பார்த்து, ஒன்பதைத் தூக்கிப்போட வேண்டும். முதலில் தோன்றும் மூன்று வரிகள் பார்வையாளருக்கும் தோன்றியிருக்கும். சில கிளிப்புகளுக்குக் குத்தலே வேண்டாம்; தொகுப்பாளர் கேமராவை ஒரு நொடி பார்த்துவிட்டு ‘அடுத்த செய்தி’ என்று போய்விடலாம்.

கிளிப்பை வேறு விதங்களிலும் கையாளலாம். பிரிட்டனின் ஐடிவியில் 2012 வரை ஓடிய ‘டிவி பர்ப்’ நிகழ்ச்சியில் ஹாரி ஹில் கிளிப்பில் தொடங்கிய செயலை அரங்கத்தில் தொடர்வார். இரு வேறு நிகழ்ச்சிகளிலிருந்து சம்பந்தமற்ற இருவரைத் தேர்ந்து, யார் சிறந்தவர் என்று அறிய ஒரே வழி சண்டைதான் என்று அறிவித்து, அவர்களைப் போல் வேடமிட்டவர்களை மேடையில் மோதவிடுவார். சார்லி புரூக்கர் 2006இல் பிபிசி ஃபோரில் தொடங்கிய ‘ஸ்கிரீன்வைப்’ வேறொரு குணமுடையது. சோபாவில் அமர்ந்து தொலைக்காட்சியைத் திட்டுவதோடு நிற்காமல், அது எப்படி உருவாக்கப்படுகிறது என்பதையும் அவர் அவிழ்த்துக் காட்டினார். அவருடைய ‘நியூஸ்வைப்’ நிகழ்ச்சியில் செய்தித் தொகுப்பு ஒன்றின் இலக்கணத்தையே தாமே படமெடுத்து, ‘இப்போது நான் நடந்துகொண்டே பேசுகிறேன், இப்போது ஒரு கட்டடத்தைக் காட்டுகிறோம்’ என்ற ரீதியில் விளக்கினார். யாருடைய கிளிப்பும் தேவைப்படாத இந்த முறையை, உரிமைச் சிக்கலுக்கு அஞ்சும் புதுக் குழுக்கள் முதலில் முயன்று பார்க்கலாம். பட்டிமன்றம், சீரியல் சண்டை, ஆடியோ வெளியீட்டு விழா என்று நம்மிடம் இலக்கணம் கெட்டிப்பட்ட வடிவங்களுக்குப் பஞ்சமில்லை.

அரங்கமும் வரிசையும்

‘தி சூப்’ நிகழ்ச்சியில் கேட்கும் சிரிப்பு கேமராவுக்குப் பின்னால் நின்ற குழுவினருடையது. அதையே பின்பற்றுங்கள். பதிவுசெய்த சிரிப்பொலியைச் சேர்த்தால், செயற்கையைக் கேலி செய்யும் நிகழ்ச்சியே செயற்கையாகிவிடும். படப்பிடிப்பு நாளில் கிளிப்புகளை அதுவரை பார்க்காத நாலைந்து பேரை அரங்கில் நிறுத்திவைத்தால் போதும். அவர்கள் சிரிக்காத கிளிப்பை அன்றே நீக்கிவிடலாம். தொகுப்பாளர், தாமும் இதையெல்லாம் உட்கார்ந்து பார்த்த ஒருவர்தான் என்ற ஒப்புதல் தொனிக்கும்படி பேச வேண்டும். மேட்டிலிருந்து பேசும் கேலி பத்து நிமிடத்தில் சலித்துவிடும்.

பகுதிகளுக்கு நிலையான பெயர் வையுங்கள். உரையாடல் நிகழ்ச்சிகளுக்கு ‘சாட் ஸ்டூ’, ரியாலிட்டிக்கு ‘ரியாலிட்டி ஷோ கிளிப் டைம்’, இறுதியில் அந்த வாரத்தின் சிறந்த கிளிப் என்று ‘தி சூப்’ குழு வைத்திருந்த அமைப்பு, செய்தியறிக்கையில் மாநிலம், தேசம், விளையாட்டு என்று வருவதைப் போன்ற ஒரு பழக்கத்தை உண்டாக்கியது.

‘ஈ!’ அலைவரிசையின் சொந்த நிகழ்ச்சிகளையே கேலி செய்யவும் அவர்கள் தனிப் பகுதி வைத்திருந்தார்கள். 2007இல் கர்தாஷியன் குடும்பத்தின் ரியாலிட்டி ஷோ அதே அலைவரிசையில் தொடங்கி அதன் முதன்மை வருவாயாக வளர்ந்த பிறகும், மெக்ஹேல் அதை விட்டுவைக்கவில்லை. முதலாளியின் நிகழ்ச்சிக்கு விலக்கு இல்லை என்று தெரிந்த பிறகுதான், மற்ற அலைவரிசைகளின் மீதான கேலியைப் பார்வையாளர் நம்புவார். ஒரு தொலைக்காட்சிக்காக நீங்கள் இதைச் செய்வதாக இருந்தால், இந்தச் சுதந்திரத்தை முதல் அத்தியாயத்துக்கு முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள். பிறகு கேட்டால் கிடைக்காது. யூடியூபில் செய்பவர்களுக்கு விளம்பரதாரர்தான் முதலாளி என்பதால் அவர்களுக்கும் இது பொருந்தும்.

யாரைப் பார்த்துச் சிரிப்பது

‘தி சூப்’ நிகழ்ச்சிக்கு முன்னோடி, 1991இல் கிரெக் கின்னியர் தொகுப்பில் அதே அலைவரிசையில் தொடங்கிய ‘டாக் சூப்’. அந்நாளைய பகல்நேர உரையாடல் நிகழ்ச்சிகளே அதன் தீனி. அந்த நிகழ்ச்சிகளில் வந்து உட்கார்ந்து தங்கள் குடும்பச் சண்டையைக் கொட்டியவர்கள் பெரும்பாலும் சாதாரண மக்கள். இங்கேதான் ஒரு குழு முதலிலேயே முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. அழும் பெண்ணையா, அவர் அழும்போது கேமராவை நெருக்கி இசையைக் கூட்டச் சொன்னவரையா, யாரை நோக்கிச் சிரிக்கிறோம்? காட்சியின் மீது அதிகாரம் உடையவர் யாரோ அவரே இலக்கு என்பதை நான் விதியாகவே வைப்பேன். தொகுப்பாளர், தயாரிப்பாளர், எடிட்டர், தானே விரும்பி விளம்பரம் தேடும் நட்சத்திரம் ஆகியோர் தாராளமாக வரலாம். குழந்தைகள், நோயாளிகள், தாம் படமாக்கப்படுவதன் பொருள் தெரியாதவர்கள் ஆகியோரின் கிளிப் எவ்வளவு வேடிக்கையாக இருந்தாலும் வேண்டாம். நிறம், உடல் பருமன், சாதி, வட்டாரப் பேச்சு, பாலினம் பற்றிய குத்தல்களும் அப்படியே. தமிழ்த் திரை நகைச்சுவை இவற்றை நம்பியே பல பத்தாண்டுகள் பிழைத்ததால் எழுத்தாளரின் கை தானாக அங்கே போகும், நிகழ்ச்சியின் ஆசிரியர்தான் தடுக்க வேண்டும். ‘தி சூப்’ நிகழ்ச்சியின் பழைய அத்தியாயங்களிலும் இந்த வகையில் இன்று நெருடுகிற பகுதிகள் உண்டு.

உரிமைச் சட்டம்

பிறருடைய காட்சியைப் பயன்படுத்துவதற்கு அமெரிக்காவில் 1976ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 107ஆம் பிரிவு இடமளிக்கிறது. பயன்பாட்டின் நோக்கம், மூலப் படைப்பின் தன்மை, எடுத்துக்கொண்ட அளவு, மூலத்தின் சந்தையில் ஏற்படும் விளைவு ஆகிய நான்கையும் நீதிமன்றம் பார்க்கும். இந்தியாவில் 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, விமர்சனத்துக்கும் மதிப்புரைக்கும் நடப்பு நிகழ்வுகளைத் தெரிவிப்பதற்குமான நியாயமான பயன்பாட்டை மீறலாகக் கருதுவதில்லை. ஒரு புகழ்பெற்ற நாடகத்தை மறுத்து எழுதப்பட்ட எதிர்நாடகம் தொடர்பான வழக்கில் கேரள உயர் நீதிமன்றம் 1996இல் அளித்த தீர்ப்பு, எடுத்தாண்ட அளவு, நோக்கம், மூலத்தோடு போட்டியிடும் வாய்ப்பு ஆகியவற்றை அளவுகோல்களாகக் கொண்டது. நடைமுறையில் இதன் பொருள், கிளிப் குறுகியதாகவும், முன்னும் பின்னும் உங்கள் கருத்து உடையதாகவும், அதைப் பார்த்தவருக்கு மூல நிகழ்ச்சியைப் பார்த்த நிறைவு கிடைக்காததாகவும் இருக்க வேண்டும் என்பதே.

யூடியூபின் தானியங்கிச் சோதனை இந்த நியாயங்களை எடைபோடாது. ஒலியும் படமும் பொருந்தினால் உரிமையாளர் பெயரில் கோரிக்கை விழும். திரைப்பாடல்கள்தான் பெரும் தொல்லை என்பதால், பின்னணியில் பாட்டு ஓடும் கிளிப்புகளை முடிந்தவரை தவிருங்கள். கோரிக்கை வந்தால் மறுப்புத் தெரிவிக்க வசதி உண்டு. அதற்கு உங்கள் குறிப்பேட்டிலுள்ள தேதியும் டைம்கோடும் உதவும். அவதூறு இந்தியாவில் குற்றவியல் சட்டத்தின் கீழும் வருகிறது என்பதையும் மறக்க வேண்டாம். திரையில் ஒருவர் செய்ததைப் பற்றிச் சொல்லுங்கள்; அவருடைய வீட்டில் நடந்ததாகக் கேள்விப்பட்டதை நகைச்சுவையாகக்கூடச் சொல்லாதீர்கள். முதல் சில அத்தியாயங்களையாவது வழக்கறிஞர் ஒருவர் பார்த்துவிடட்டும்.

முதல் அத்தியாயம்

அமெரிக்காவில் அரை மணி நேர நிகழ்ச்சி என்றால் விளம்பரம் போக ஏறத்தாழ 22 நிமிடங்கள். புதுக் குழு அந்த நீளத்துக்கு ஆசைப்பட வேண்டாம். எட்டு நிமிடங்களும் பதினைந்துக்கு மிகாத கிளிப்புகளும் போதும். வாரத்தில் நான்கு நாட்கள் பார்ப்பதற்கும் குறிப்பதற்கும், ஒரு நாள் தேர்ந்தெடுத்து எழுதுவதற்கும், ஒரு நாள் படப்பிடிப்புக்கும் எடிட்டிங்குக்கும் என்று வகுத்துக்கொண்டால் ஓரளவு தூங்கவும் முடியும். வேகத்தில் மற்றவர்களோடு போட்டியிடாதீர்கள். ஒளிபரப்பான ஒரு மணி நேரத்துக்குள் எல்லாக் கிளிப்புகளும் கைப்பேசிக்கு வந்துவிடும் காலத்தில் ‘தி சூப்’ 2015இல் முடிந்தது; 2020இல் ஜேட் கட்டா-பிரெட்டா தொகுப்பில் மீண்டும் தொடங்கியபோதும் நீடிக்கவில்லை. தனித்தனியாகக் கிடைக்கும் கிளிப்புகளில் இல்லாத ஒன்று, முழுப் பருவத்தையும் பார்த்த ஒருவரின் நினைவு. சென்ற மாதம் இதே நடுவர் இதே வாக்கியத்தை வேறொருவருக்குச் சொன்னார் என்று இரண்டையும் அடுத்தடுத்துக் காட்டுவதற்கு அந்த நினைவுதான் வேண்டும். ஆகவே பயன்படுத்தாத கிளிப்புகளை அழிக்காமல், நபர், சொல், நிகழ்ச்சி ஆகிய மூன்றின் அடிப்படையில் தேடும்படி பெயரிட்டுச் சேமித்துவையுங்கள்.